மாயம் கலந்து எழுதினால் ரகசியம் மறைந்துவிடுமா?

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் குடும்பமும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய அப்பத்தா இறப்பதற்குச் சில நாள் முன்பு, பேத்தியை மட்டும் அருகே அழைத்து, மூடி போட்ட ஓலைக் கொட்டான் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். உள்ளே தலைமன்னாரிலிருந்து ஒருவர் எழுதிய பதினான்கு கடிதங்கள். அவை அப்பத்தாவுக்கு வந்தவை அல்ல. தனுஷ்கோடியில் வேலை பார்த்த அவருடைய தங்கைக்கு வந்தவை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்தத் தங்கை போய்விட்டார். அவருக்குப் பிறந்து பத்து மாதமே ஆகியிருந்த ஆண் குழந்தை, ஊருக்குத் தெரியாமல் அக்காள் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்ததால் பிழைத்தது. அப்பத்தாவும் அய்யாவும் அக்குழந்தையைத் தங்கள் இளைய மகனாகவே வளர்த்தார்கள். அவர்தான் நம் வாசகியின் சின்னையா. இன்று அறுபதைக் கடந்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டார்.

இந்தக் கதையை வைத்து வாசகி ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறார். மாயம் மெல்ல இழையோடும் குடும்பக் கதை. பதிப்பாளர் ஒருவர் வெளியிட முன்வந்திருக்கிறார். வாசகி கேட்பவை இவை: இதை வெளியிடுவதில் சட்டச் சிக்கல் உண்டா? அப்பத்தா எனக்குக் கொடுத்த கடிதங்களை அப்படியே நாவலில் சேர்க்கலாமா? பிரிக்கப்படாமலே இருக்கும் மூன்று உறைகளை நான் பிரிக்கலாமா? சின்னையாவிடம் சொல்ல வேண்டுமா, அல்லது மாயக் கதைதானே என்று விட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் இணைத்திருந்த இரண்டு அத்தியாயங்களையும் படித்தேன். வாடைக் காற்று தொடங்கும் நாளில் கடல் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறது. தாள் நனைந்திருக்கிறது, எழுத்து கரையவில்லை. கிழவி அதைப் படிக்காமல் அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிறாள். அந்த அரிசியில் வடித்த சோற்றைத் தின்றவர் மனத்தில் இருப்பதை மறைக்க முடியாது என்பதால், அன்று அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுகிறார்கள். இந்த இடம் மிக நன்றாக வந்திருக்கிறது. அன்புக்காகக் காக்கப்படும் ரகசியம் ஒரு வீட்டின் பேச்சையே எப்படி மாற்றிவிடும் என்பதை, குடும்ப வழக்குகளில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நீங்கள் அதை ஒரு பானைச் சோற்றில் காட்டிவிட்டீர்கள். இந்த நாவல் வெளிவர வேண்டும் என்பதே என் விருப்பம். இனி நான் சொல்லும் எச்சரிக்கைகளை அந்த விருப்பத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் கடிதம் முழுவதும் ஒரு நம்பிக்கை ஓடுகிறது: கடல் கடிதம் கொண்டுவருவதாக எழுதியிருப்பதால் இது நடந்த கதை என்று எவரும் எண்ணமாட்டார்கள் என்கிறீர்கள். மதுரையிலோ கோவையிலோ படிப்பவர் எண்ணமாட்டார். உங்கள் ஊர்க்காரர் எண்ணுவார். இரண்டாம் அத்தியாயத்தில் வரும் மனிதருக்கு இடது காதின் பின்னால் மச்சம் இருக்கிறது, படகுத் துறையை ஒட்டி ஐஸ் கடை வைத்திருக்கிறார், சிறு வயதில் நண்டு கடித்த விரல் வளைந்திருக்கிறது. இவை மூன்றும் சின்னையாவுக்கும் உண்டு என்று நீங்களே அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஊரார் மாயத்தைக் கதைக்கு விட்டுவிட்டு, மச்சத்தை எடுத்துக்கொள்வார்கள்.

‘கற்பனையே’ என்ற அறிவிப்பு

“இக்கதையில் வருபவை யாவும் கற்பனையே” என்று முதல் பக்கத்தில் அச்சிட்டால் போதும் என்ற எண்ணம் எழுத்தாளர்களிடம் பரவலாக இருக்கிறது. அந்த வரி உங்கள் நோக்கத்தைக் காட்ட ஓரளவு உதவும், பாதுகாப்பாக அமையாது. குறிப்பிட்ட மனிதரை அறிந்தவர்கள் படித்தவுடன், இது இன்னார்தான் என்று கண்டுகொள்ள முடிகிறதா என்பதையே நீதிமன்றம் பார்க்கும்.

“உண்மையைத்தானே எழுதுகிறேன், அவதூறு எப்படி ஆகும்?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். உரிமையியல் வழக்கில் உண்மை என்பது வலுவான எதிர்வாதம். குற்றவியல் அவதூறில் அது மட்டும் போதாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவாக நடைமுறையில் உள்ளது. அதன்படி சொன்னது உண்மையாக இருப்பதோடு, அதை வெளியிடுவது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இறந்தவரைப் பற்றிய பழிச்சொல்லும், அவருடைய குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு வெளியிடப்பட்டால் அவதூறாகலாம் என்று அப்பிரிவின் விளக்கம் கூறுகிறது. உங்களுக்கு அந்த நோக்கம் துளியும் இல்லை. உங்கள் சின்ன அப்பத்தாவை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் மரியாதையைத் தவிர வேறெதுவும் தென்படவில்லை. ஆகவே அவர் பொருட்டு நான் பெரிதாக அஞ்சவில்லை.

அந்தரங்க உரிமைதான் கவனிக்க வேண்டியது. அதற்கான முதன்மைத் தீர்ப்பே நம் மாநிலத்திலிருந்து போன வழக்கில் வந்தது. 1994-இல் ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைப்பேறு போன்றவற்றை அவர் சம்மதமின்றி வெளியிட்டால், அது உண்மையாக இருந்தாலும் அவர் இழப்பீடு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பொது ஆவணங்களில் பதிவானவற்றுக்கும், பொது வாழ்வில் இருப்போரின் பணி சார்ந்த செயல்களுக்கும் விலக்கு உண்டு. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாகவே உறுதி செய்தது. இறந்தவரோடு அவருடைய அந்தரங்க உரிமை முடிந்துவிடுகிறது என்பதே நம் நீதிமன்றங்களின் பொதுவான நிலை. ஆனால் சின்னையா உயிரோடு இருக்கிறார். தன் பிறப்பு பற்றிய செய்தி அவருடைய அந்தரங்கம். இங்கே தாயின் கதையும் மகனின் கதையும் ஒன்றாக இருப்பதால், தாய் மறைந்துவிட்டார் என்பது உங்களுக்கு விடுதலை தந்துவிடாது.

புனைபெயரில் வெளியிடலாமா என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது: சட்டப் பொறுப்பு அதனால் குறையாது, ஊரில் யார் எழுதியது என்பதும் வெகுநாள் மறைந்திருக்காது.

கடிதங்கள் யாருடையவை?

கொட்டானை அப்பத்தா உங்கள் கையில் கொடுத்தார் என்பதால் கடிதங்கள் உங்களுடையவை என்று கருதுகிறீர்கள். இதில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன.

முதலாவது, எழுத்தின் மீதான பதிப்புரிமை. அது கடிதத்தைப் பெற்றவருக்கு ஒருபோதும் போவதில்லை. எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். உயிரோடு இருந்தபோது வெளியிடப்படாத எழுத்து என்றால், அது முதன்முதலாக வெளியிடப்பட்ட ஆண்டுக்குப் பிறகே அந்த 60 ஆண்டுகள் எண்ணப்படும். எழுதியவர் இலங்கையைச் சேர்ந்தவர் என்பதாலும் இது மாறாது; இரு நாடுகளும் பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கின்றன. எனவே பதினொரு கடிதங்களை வரிக்கு வரி சேர்த்திருப்பதாக நீங்கள் கூறும் பகுதியை நீக்கிவிடுங்கள். நடந்த நிகழ்ச்சிக்கும் உணர்ச்சிக்கும் பதிப்புரிமை கிடையாது. அவற்றை உங்கள் சொற்களில் எழுத எந்தத் தடையும் இல்லை. கடல் கொண்டுவந்து வைக்கும் கடிதத்தில், அந்தக் கதையின் மனிதன் எழுதக்கூடிய வரிகள் இருப்பதுதானே பொருத்தம்? அவற்றை உங்களால் எழுத முடியும் என்பதற்கு முதல் அத்தியாயமே சான்று.

இரண்டாவது, தாளின் மீதான உரிமை. இதைப் படிக்கும்போது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். கடிதங்கள் உங்கள் சின்ன அப்பத்தாவுக்கு வந்தவை. அவர் இறந்தபோது அவை அவருடைய வாரிசுக்குப் போகின்றன. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு பெண்ணின் சொத்துக்கு முதல் வரிசை வாரிசுகளில் அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். திருமணம் நடந்ததா இல்லையா என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறீர்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான வாரிசுரிமைக்கு அது தேவையே இல்லை என்பதை அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆக, அந்தக் கொட்டானுக்கு முதல் உரிமையாளர் சின்னையா. அப்பத்தா அதை இத்தனை காலம் காத்தார்; இப்போது நீங்கள் காக்கிறீர்கள்.

மூன்று உறைகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். 1965-ஆம் ஆண்டு அஞ்சல் முத்திரை. முகவரியில் இறந்துபோனவரின் பெயர், ‘மேற்பார்வை’ என்று, அதாவது அவர் வழியாகச் சேர்க்கும்படி, அப்பத்தாவின் பெயர். ஓரத்தில் உப்பு பூத்துப் பசை இறுகிய மடிப்பு. தங்கை இல்லை என்று அந்த மனிதருக்கு எழுதவும் முடியாமல், உறையைப் பிரிக்கவும் மனமில்லாமல் அப்பத்தா அவற்றை வைத்திருந்திருக்கிறார். நீங்களும் பிரிக்காதீர்கள். நாவலுக்கு அவை தேவைப்படவில்லை; தன் தந்தையின் கையெழுத்தை முதலில் பார்க்க வேண்டியவர் சின்னையா.

பனந்தோப்பும் வீட்டு மனையும்

நான்காம் பக்கத்தில், “வீட்டடி மனையும் பனந்தோப்பும் இன்னும் அய்யா பெயரில்தான் இருக்கின்றன, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கிறது, சகோதரி. இந்தப் பதிலை எழுத என்னைத் தூண்டியதே அந்த வரிதான்.

அய்யா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அவருடைய வாரிசுகளாக உங்கள் தந்தை, சின்னையா, இரண்டு அத்தைமார் ஆகிய நால்வரும் கருதப்பட்டு வருகிறார்கள். சின்னையா அய்யாவின் மகன் இல்லை என்ற செய்தி வெளியானால், “அப்படியானால் வளர்ப்பு மகன், தத்துப்பிள்ளை” என்று சொல்லிக்கொள்ளலாமே என்று தோன்றும். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956, அதன் 11-ஆவது பிரிவில், ஏற்கெனவே மகன் உள்ளவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது என்கிறது. 1964-இல் உங்கள் தந்தைக்கு ஏழு வயது. ஆகவே எத்தனை அன்போடு வளர்த்திருந்தாலும், முறைப்படி சடங்கே நடந்திருந்தாலும், அந்தத் தத்து சட்டத்தின் முன் நிற்காது.

உங்கள் குடும்பத்தில் எவரும் அவர் பங்கைக் கேட்டு வழக்குப் போடமாட்டார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்கள். இன்றிருப்பவர்கள் போடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அத்தை மகன்களுக்குக் கடன் நெருக்கடி வரும் நாளில், கடற்கரையை ஒட்டிய நிலத்தை விடுதி கட்டக் கேட்டு ஒருவர் வரும் நாளில், நாவல் எவர் கையிலாவது இருக்கும். நாவல் தனியாக ஒரு சாட்சியம் ஆகாது. மாயக் கதையை வைத்து எந்த நீதிமன்றமும் ஒருவருடைய பிறப்பைத் தீர்மானிக்காது. ஆனால் முன்னுரையில் “இது எங்கள் வீட்டில் நடந்தது” என்று நீங்கள் எழுதினால், பேட்டியில் சொன்னால், கடிதங்களின் படத்தை வெளியிட்டால், அவை வழக்கில் உங்கள் வாக்குமூலமாகவே முன்வைக்கப்படும். அவர் பக்கத்திலும் வலு உண்டு: பள்ளிச் சான்று, குடும்ப அட்டை, அறுபது ஆண்டுகள் குடும்பம் அவரை மகனாக நடத்திய விதம் எல்லாம் சாட்சியமே. ஆனாலும் அந்த வயதில் அவர் கூண்டில் ஏறி, தான் யார் மகன் என்று பதில் சொல்லும் நிலை வரலாமா?

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. குடும்ப ஏற்பாடு என்ற முறையை நம் நீதிமன்றங்கள் மிகவும் மதிக்கின்றன. பங்காளிகள் மனமொத்து, குடும்ப அமைதிக்காக ஒருவருக்குப் பங்கு ஒதுக்கினால், அவருக்குக் கண்டிப்பான சட்ட உரிமை முன்பே இருந்தாக வேண்டும் என்பதில்லை. மற்றவர்கள் தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே அது கொள்ளப்படும். 1976-இல் உச்ச நீதிமன்றம் காலே வழக்கில் இதை விரிவாகக் கூறியிருக்கிறது. நால்வரும் கையெழுத்திட்டு, பத்திரமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். பிறகு பட்டாவையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பத்திரத்தை முதலில் முடித்துவிட்டு உண்மையைப் பிறகு சொல்லலாமே என்று யாராவது யோசனை கூறக்கூடும். அதில் ஒரு சௌகரியம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முக்கியமான செய்தியை மறைத்துப் பெற்ற கையெழுத்தைப் பின்னாளில் ரத்து செய்யக் கோர இடமுண்டு. உண்மை தெரிந்தபின் அத்தைமார் மறுத்துவிட்டால் என்ன செய்வது என்றால், அப்போது உங்கள் தந்தை தன் பங்கிலிருந்து தம்பிக்கு எழுதிக் கொடுக்கலாம். தெரிந்து போட்ட கையெழுத்தே நிற்கும் என்பது என் உறுதியான கருத்து.

யார் சொல்வது, எப்போது சொல்வது?

சின்னையாவுக்கு எதுவும் தெரியாது என்பது உங்கள் ஊகம். அய்யா மறைந்த பிறகு, ஒவ்வொரு மார்கழியிலும் தேவிபட்டினத்துக்கு அழைத்துப் போய், புயலில் போன தங்கைக்கான எள்ளும் தண்ணீரும் மூத்த மகன் இருக்க இளையவர் கையாலேயே அப்பத்தா இறைக்கச் செய்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் நான், என்று அவர் ஒருமுறைகூட நினைத்திருக்கமாட்டாரா? அப்பத்தாவின் மனம் நோகக் கூடாதென்று அவரும் கேட்காமல் இருந்திருக்கலாம். உங்கள் தந்தையும் அப்படியே. தாய்க்கு வயிறு பெருக்காமல் தம்பி வந்ததை ஏழு வயதுப் பிள்ளை அறியாமல் இருந்திருக்காது. ரகசியத்தைச் சுமப்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமே என்று எண்ணி மூன்று ஆண்டுகளாகத் தூக்கமின்றி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அநேகமாக உண்மையில்லை.

ஆகவே முதலில் தந்தையிடம் பேசுங்கள். சின்னையாவிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான். அண்ணன் வாயால் கேட்பதும் மகள் முறையில் இருப்பவர் எழுதிய புத்தகத்தில் படிப்பதும் ஒன்றாகாது. கடலுக்குப் போகாத ஒரு வெள்ளிக்கிழமையோ, நல்லது கெட்டது எதுவும் இல்லாத ஒரு நாளோ பார்த்து, இருவரும் தனியே அமரட்டும். நீங்கள் கொட்டானை எடுத்துக் கொடுக்க மட்டும் இருங்கள். சின்னையா மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். நிச்சயம் முடிகிற வரை பேச்சைத் தள்ளிவைப்பதில் தவறில்லை. நாவலுக்காக அவசரப்படாதீர்கள்.

“இனி அவரைச் சின்னையா என்று அழைக்க முடியுமா?” என்ற உங்கள் கேள்வி என்னை நெகிழச் செய்தது. நம் உறவுமுறையில் அக்காள் தங்கை பிள்ளைகள் அண்ணன் தம்பிதான். உங்கள் தந்தைக்கு அவர் தம்பியாக இருந்தார், தம்பியாகவே இருக்கிறார். உங்களுக்குச் சின்னையா, அவர் பிள்ளைகள் உங்களுக்கு உடன்பிறப்புகள். எந்த முறையும் மாறவில்லை.

அவர் காலத்துக்குப் பின் வெளியிட்டால் சிக்கலே இல்லையே என்றும் ஒரு யோசனை எழுதியிருந்தீர்கள். சட்டப்படி அது எளிய வழி. ஆனால் அதன்படி அந்த மூன்று உறைகளும் அவர் கைக்கு வராமலே போகும். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அவர் சம்மதித்தால், தன் வாழ்க்கையைத் தழுவிய நாவலை வெளியிட மறுப்பில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதை மாற்றச் சொல்கிறார் என்று கேளுங்கள். மறுத்தாலும் நாவல் செத்துவிடாது: மச்சத்தையும் ஐஸ் கடையையும் வளைந்த விரலையும் எடுத்துவிடுங்கள், குழந்தையைப் பெண்ணாக்குங்கள், ஊரை வேறு கடற்கரைக்கு நகர்த்துங்கள், முன்னுரையில் குடும்பத்தைக் குறிப்பிடாதீர்கள். அரிசிப் பானைக்கு இவற்றில் எதுவும் தேவைப்படவில்லை. அந்த அத்தியாயம் அப்படியே நிற்கும்.

கடைசியாக, பதிப்பாளர் அனுப்பிய ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவை மீண்டும் படியுங்கள். புத்தகத்தால் எந்த வழக்கு வந்தாலும் அதன் செலவும் இழப்பீடும் ஆசிரியரையே சேரும் என்கிறது. வழக்கு உங்கள் தவறால் வந்தது என்று நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்தால் மட்டும், அதுவும் நீங்கள் பெறும் உரிமைத் தொகையின் அளவுக்குள் மட்டும், என்று திருத்தித் தரக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் இசைவார்கள். பத்திரம் பதிவாகி, சின்னையாவின் எழுத்து கையில் கிடைக்கும் வரை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.